கூப்பிடும் பெட்டி

கண்மணி ஒரு பொருளை வாங்கக் கிளம்புகிறாள் என்றால், கடைக்காரருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து தெளிக்கும் பம்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றி அங்கேயே அடித்துப் பார்ப்பாள். தார்ப்பாயாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேராக விரித்து ஓட்டை தேடுவாள். "கம்பெனி ஐட்டம்க்கா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று கொடைக்கானல் கடைவீதியில் யாராவது வாய்விட்டால் போச்சு. நம்பி எடுத்துப் போகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. கவுஞ்சிக்கு மேலே சண்முகராஜின் தோட்டத்தில் ஆபீஸ் அவள் பொறுப்பு. உரம், விதை, ஜீப் டயர் எல்லாம் அவள் பார்த்துச் சரி என்றால்தான் மலையேறும்.

அப்படிப்பட்டவளின் மேஜைக்கு ஒருநாள் விமானச் சாமானும் வந்து சேர்ந்தது.

சண்முகராஜிடம் சொந்த விமானம் இருந்தது. நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. கொடைக்கானலில் விமானம் இறங்க ஏது சமதரை? மலைக்கு அந்தப் பக்கம், பழனி போகும் வழியில் ஒரு நண்பரின் தனியார் ஓடுபாதையில் அதை நிறுத்தியிருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த விமானத்தைத்தான் அவர் கொஞ்சிக்கொண்டிருந்தார். அதைத் துடைப்பது, பெட்ரோல் நிரப்புவது, வலது பக்கம் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்துப் பிடிப்பது எல்லாம் கண்மணியின் கணவன் செல்லப்பாண்டியின் வேலை. வில்பட்டிக்காரன், ஜீப் மெக்கானிக்காக வந்தவன். சார் பறந்தால் இவனும் பறப்பான். கண்மணிக்கு இது தொண்டையில் சிக்கிய முள். ஆனால் வானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் முகம் வேறு முகமாகிவிடும். அந்த முகத்துக்காக அவள் பேசாமல் இருந்தாள்.

2008ஆம் வருஷக் கடைசியில், விமானத்தைச் சோதிக்கும் இன்ஜினியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். விமானத்தின் வால் பகுதிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி உண்டு. விமானம் எங்காவது விழுந்து மோதினால், அந்த அதிர்ச்சியில் அது தானாக விழித்துக்கொண்டு ரேடியோவில் அலறும். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அந்த அலறலைக் கேட்டுத் தரையில் இருப்பவர்களுக்குச் சொல்லும். ஆனால் வரும் பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் இந்தப் பழைய வகைப் பெட்டியின் குரலுக்குக் காது கொடுக்கப்போவதில்லை. உலகம் முழுக்க இதுதான் முடிவு. பெட்டி அலறும், கேட்க ஆள் இருக்காது.

"அதுக்கென்ன, கையில வச்சுக்கிற மாதிரி புதுசு ஒண்ணு வந்திருக்கு கண்மணி" என்று சண்முகராஜ் ஒரு படத்தைக் காட்டினார். சோப்புப் பெட்டி அளவுக்கு மஞ்சளாக ஒரு கருவி. "சட்டைப் பையில போட்டுக்கலாம். மேல இருக்கிற கம்பியை இழுத்து விட்டு, பட்டனை அமுக்குனா போதும், சேட்டிலைட்டுக்குக் கேட்டுரும். ஒரு தொந்தரவு இல்ல. ஆர்டர் போட்டுரு."

"அமுக்குறது யாரு சார்?"

"நான்தான். இல்லைன்னா உன் வீட்டுக்காரன்."

"ரெண்டு பேரும் மயங்கிக் கெடந்தா?"

சண்முகராஜ் சிரித்தார். "நான் மயங்குற ஆளா?"

மயங்குகிற ஆள் என்று யாருடைய நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. இது கண்மணிக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மலையில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா கணபதி, சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர்களில் ஒருவர். இங்கே தேயிலை இல்லை. சீகை மரம் வெட்டும் கூலி வேலைதான் கிடைத்தது. அங்கிருந்து அவர்கள் ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். இங்கே காட்டுக்குள் மூடுபனி இறங்கிவிட்டால், கங்காணி நின்ற இடத்திலிருந்தே பெரட்டு எடுப்பார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் இருந்த இடத்திலிருந்து ஒரு கூவல் கொடுக்க வேண்டும். கூவல் வராவிட்டால் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுத் தேடப் போவார்கள். ஆள் உயிரோடு கிடைத்தால், கண்டவன் ஒரு நீளக் கூவல் விடுவான். அடுத்தவன் அதை வாங்கி விடுவான். அப்படியே கைமாறி அது கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் வரைக்கும் வந்து சேரும். ஆளுக்கு ஒரு கூவல். உயிர் இல்லையென்றால் கூவல் இல்லை, சத்தமில்லாமல் வருவார்கள்.

கண்மணி கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்த வயதில், ஒரு மழைக்கால மத்தியானம் கணபதியின் பெயருக்குக் கூவல் வரவில்லை. இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில் கண்டுபிடித்தபோது, அவர் கிடந்த இடம் கங்காணி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கிளை முறிந்து தலையில் விழுந்திருந்தது. விழுந்த உடனே உயிர் போகவில்லை, ராத்திரி குளிரில்தான் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்குமோ, விழுந்தும் வாய் திறக்க முடியாமல் கிடந்திருப்பாரோ என்ற கேள்வியை அவளுடைய அம்மா சாகும்வரை விடவில்லை. கண்மணி இன்னும் விடவில்லை.

அதனால் சண்முகராஜிடம் அவள் சிரிக்கவில்லை. பெங்களூரில் விமானச் சாமான் விற்கும் ஒருவருக்குப் போன் போட்டாள். தார்ப்பாய்க்காரரைக் குடைந்ததுபோல அவரையும் குடைந்தாள். புதிய வகையிலும் வாலுக்குள் பொருத்தும் பெட்டி உண்டா? உண்டு. மோதினால் தானாகக் கூப்பிடுமா? கூப்பிடும். எத்தனை நேரம் கூப்பிடும்? ஒரு பகல், ஒரு ராத்திரி தாராளமாகத் தாங்கும். குளிரில்? குளிரிலும். யாருடைய விமானம் என்று சொல்லுமா? சொல்லும் மேடம், அதற்குள் அடையாள எண் இருக்கிறது. ஆனால் ஒன்று: விமானத்தின் முதுகில் ஓட்டை போட்டு வெளியே ஆன்டெனா வைக்க வேண்டும்.

அந்த ஓட்டையில்தான் வம்பு வந்தது.

"என் பிளேன்ல ஓட்டை போடுறதா?" சண்முகராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நல்ல பொண்ணுக்கு நெத்தியில ஆணி அடிக்கிற கதையா இருக்கே! அதோட, தரையில கொஞ்சம் வேகமா இறங்குனாலே அது கத்த ஆரம்பிச்சுரும். அப்புறம் போலீஸ், கலெக்டர் ஆபீஸ்னு எவன் பதில் சொல்றது? ஏலே செல்லப்பாண்டி, நீ சொல்லுடா."

செல்லப்பாண்டி மனைவியைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான். "கையில இருக்கிறதே போதும்ங்க சார். நான் பையிலயே வச்சுக்கிறேன்" என்றான்.

அன்று மாலை வீட்டில் சோறு பொங்கவில்லை. "உனக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று செல்லப்பாண்டி கேட்டான். "உங்க விரல் மேல நம்பிக்கை இல்லைங்க" என்றாள் கண்மணி. "எங்கப்பாவுக்கும் வாய் இருந்துச்சு. கூவத் தெரியாதவரா அவரு?" மறுநாள் வெள்ளனே அவள் ஆபீஸுக்குப் போய், சண்முகராஜ் காபி குடிக்கிறவரை காத்திருந்து, நின்றபடியே சொன்னாள்: "நீங்க சட்டைப் பையில எதை வேணாலும் வச்சுக்கோங்க சார். வால்ல பெட்டி இல்லாம என் வீட்டுக்காரர் ஏற மாட்டாரு. ஏறணும்னா எனக்குக் கணக்கை முடிச்சுக் குடுத்துருங்க, நாங்க வில்பட்டிக்கே போயிர்றோம்."

அந்த வேலை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். சண்முகராஜ் காபி டம்ளரை ஓங்கி மேஜையில் வைத்தார். பிறகு, "சரிம்மா, ஓட்டை போட்டுத் தொலையி" என்றார். கோபம் போகாமல் சொன்னாலும் சொன்ன வாக்கு வாக்குதான்.

பெட்டி வந்தது. இன்ஜினியர் பொருத்தினார். ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கும் வைத்தார். பெட்டி அலறினால் அது சிமிட்டும். கடைசியாக விற்பனைக்காரர் போனில் ஒன்று கேட்டார். சிக்னல் கிடைத்தால் பெங்களூரில் இருக்கும் நிலையத்திலிருந்து முதலில் சொந்தக்காரருக்குத்தான் போன் வரும், சும்மா தட்டுப்பட்டுக் கத்தியதா, உண்மையிலேயே விபத்தா என்று தெரிந்துகொள்ள. அதற்கு இரண்டு நம்பர் வேண்டும். கண்மணி ஆபீஸ் போன் நம்பரைச் சொன்னாள்; கவுஞ்சிப் பக்கம் அப்போது செல்போனுக்கு சிக்னல் கிடையாது. "இந்த நம்பர்ல எப்பவும் ஆள் இருப்பாங்களா மேடம்?" என்றார் அவர். "நான் போனுக்குப் பக்கத்துலயேதான் இருப்பேன் சார்" என்றாள். இரண்டாவது நம்பராகச் சண்முகராஜ் தன்னுடைய செல்போனைக் கொடுத்தார். பறக்கிறவரின் பையிலேயே இருக்கும் போன் அது என்பது அங்கே இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஓட்டைக்காக அத்தனை சண்டை போட்டவர்கள் இதில் கோட்டை விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. இஞ்சின் சோதனைக்காக இரண்டு பேரும் விமானத்தை மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மத்தியானம் கிளம்பி ஓடுபாதைக்குத் திரும்பிவிடுவோம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜீப்பில் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு போனால் மலையே குறுக்கே வராது. ஆனால் சண்முகராஜுக்குத் தன் தோட்டத்தின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனால்தான் சாப்பாடு இறங்கும்.

சாப்பாட்டு வேளை தாண்டியதும் வானம் கறுத்தது. முதல் இடி எங்கோ பூம்பாறைப் பக்கம் விழுந்தது.

மேல்மலையில் இடி இடித்தால் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது ஒன்றே ஒன்றுதான். உலையில் அரிசி இருந்தாலும், கையில் குழந்தை இருந்தாலும், எழுந்துபோய் எல்லா ஒயர்களையும் பிடுங்கிப் போடுவார்கள். டிவி, மிக்ஸி, மோட்டார், போன். கம்பி வழியாக மின்னல் உள்ளே இறங்கிவிடும். போனைக் காதில் வைத்திருந்த ஒருவர் சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கவுஞ்சியில் இருக்கிறார்கள். இது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்துவது மாதிரி. கண்மணியும் எழுந்தாள். கம்ப்யூட்டரைப் பிடுங்கினாள். தராசைப் பிடுங்கினாள். சுவரோரம் குனிந்து போன் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். திரும்பி வந்து, போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் விமானச் சத்தம் கேட்டது.

அது எப்போதும் வருகிற பக்கத்தில் கேட்கவில்லை. மேகத்துக்குள் இருந்து, மேற்கே, தாழ்வாகக் கேட்டது. ஒருமுறை நெருங்கி விலகியது. மறுபடி நெருங்கியது. அப்புறம் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் வேறு எதுவும் கேட்கவில்லை. மழை குறைந்தபோது சத்தம் இல்லை. கண்மணி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையாக மூடுபனி; பத்தடி தள்ளியிருந்த பேரி மரம்கூடத் தெரியவில்லை.

மதுரைக்கே திரும்பியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். உள்ளே வந்து போனைப் பார்த்தாள். போன் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது, பாருங்கள். ஏதாவது ஆகியிருந்தால் பெட்டி கூப்பிட்டிருக்கும். பெட்டி கூப்பிட்டிருந்தால் பெங்களூரிலிருந்து போன் வந்திருக்கும். போன் வரவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை. இதற்காகத்தானே முதலாளியையே எதிர்த்து நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கரண்டும் போயிருந்தது. மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இடி விட்டு விட்டு மலையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொழுது மங்க ஆரம்பித்தது. ஜீப் வரவில்லை. போனும் வரவில்லை. அவள் போனையே முறைத்தாள். அடிக்காதே, அடிக்காதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

திடீரென்று விளக்கு எரிந்தது. சமையல்கட்டிலிருந்து மூக்கம்மா எட்டிப் பார்த்தாள். தோட்டத்துக்குச் சமைக்கிறவள், கவுஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"ஏத்தா கண்மணி, கரண்டு வந்துருச்சு. பிடுங்கிப் போட்டதையெல்லாம் மாட்டிறவா?"

கண்மணி மெல்லக் குனிந்து சுவரோரம் பார்த்தாள். போன் ஒயர் தரையில் கிடந்தது. அதன் நுனியில் இருந்த சின்னக் கண்ணாடிக் கட்டையில் விளக்கு வெளிச்சம் பட்டு மின்னியது.

அவள் கத்தினாளா, மண்டியிட்டு விழுந்தாளா என்று அவளுக்கே நினைவில்லை. இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ஒயர் உள்ளே போய் 'டிக்' என்றது. ரிசீவரை எடுத்தாள். லைன் இரைந்தது. பெங்களூர் நம்பரை நினைவிலிருந்து இழுப்பதற்காக ரிசீவரை வைத்தாள். வைத்த கை எடுக்கும் முன்னே மணி அடித்தது.

ஓர் ஆண் குரல், பொறுமையான இங்கிலீஷில் விமானத்தின் எண்ணைச் சொல்லி, இது உங்களுடையதா, இன்றைக்குப் பறந்ததா என்று கேட்டது. மத்தியானத்திலிருந்து இந்த நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம் மேடம், மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு நம்பர் தொடர்பிலேயே இல்லை. மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டோம்; இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. இது தவறான சிக்னலா?

"இல்ல சார்" என்றாள் கண்மணி. "உண்மை. ரெண்டு பேர். எங்க கெடக்காங்க? இடத்தைச் சொல்லுங்க சார்."

அவர் எண்களாகச் சொன்னார். சுவரில் சண்முகராஜ் பறப்பதற்காக ஒட்டியிருந்த பெரிய வரைபடம் இருந்தது. அவள் ஒரு கோட்டைக் கீழிருந்தும் இன்னொரு கோட்டைப் பக்கவாட்டிலிருந்தும் விரலால் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு விரலும் ஓரிடத்தில் சந்தித்தன. கவுஞ்சிக்கு மேற்கே, சோலைக்காடு தொடங்கும் சரிவு. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து ஆள் நடந்து போகிற தூரம். மத்தியானத்திலிருந்து அவர்கள் அங்கேதான் கிடக்கிறார்கள்.

"மூக்கம்மாக்கா, கீழ ஊருக்கு ஓடுங்க! கேரட் கழுவுற எடத்துல ஆம்பளையாளுக இருப்பாக. மேக்காலச் சோலைச் சரிவுன்னு சொல்லுங்க. அரிவாளு, கயிறு, டார்ச்சு எல்லாம் எடுத்துக்கிட்டு வெரசாப் போகச் சொல்லுங்க. வழி நெடுக ஆள் நிக்கணும், கூவல் கைமாறி வரணும்!"

"நீ வரல?"

கண்மணிக்குக் கால்கள் வாசலுக்கு ஓடின. கை ரிசீவரை விடவில்லை. "நான் வந்தா போனை யாருக்கா எடுப்பா?" என்றாள், சொல்லும்போதே அழுதாள்.

மூக்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். கண்மணி தனியாக நின்றாள். அப்போது மறுபடி இடி. இந்த முறை தலைக்கு மேலே. ஜன்னல் வெளுத்தது, போன் தானாக ஒரு முனகல் முனகியது. பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு குனியப் போனது, ஒயரைப் பிடுங்க. அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்த மின்னல் வந்தபோது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். காதுக்குள் பொரிந்தது.

சிக்னல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அதே இடம்தான் என்றார் பெங்களூர்க்காரர். தைரியமாக இருங்கள் என்றார். பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஆளுக்கு இருக்கிறதா என்று அவரிடம் கேட்க முடியாது. அவள் நன்றி சொல்லி வைத்தாள்.

கதவைத் திறந்து போட்டாள். மழைச் சாரல் உள்ளே வந்தது. கீழேயிருந்து ஆள் சேர்க்கத் தகரம் தட்டும் சத்தம் கேட்டது, பிறகு அது சரிவுக்குள் இறங்கித் தேய்ந்தது. அவளுடைய அம்மாவும் இப்படித்தான் லயத்து வாசலில் நின்றாள். அன்று கூவல் வரவே இல்லை. ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக வந்தார்கள். கண்மணி போனுக்கும் வாசலுக்கும் நடுவில், இரண்டையும் விட முடியாமல் நின்றாள்.

வெளிச்சம் கடைசியாகக் கரையும் நேரம் அது வந்தது. முதலில் நரி என்று நினைத்தாள். மறுபடி வந்தது, இன்னொரு தொண்டையில், இன்னும் கிட்டத்தில். பிறகு தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் மூச்சு முட்ட அதை வாங்கி நீளமாக விட்டான். ஒரு கூவல்.

ஒன்று.

போனவர்கள் இரண்டு பேர். வந்தது ஒரு கூவல். யாருக்கு? சண்முகராஜ் பிழைத்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டியிருக்க வேண்டும். சோறு போட்டவர், கேட்ட பெட்டியை வாங்கிக் கொடுத்தவர். அவள் வேண்டவில்லை. அது அவருக்காக இருக்கக்கூடாது என்று வேண்டினாள். மனசு அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டதும் உண்டு. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள். மழை நின்றுவிட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது கூவல் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சண்முகராஜுக்கு மண்டையில் அடி. மோதிய உடனே நினைவு தப்பியவர் இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்தார். மஞ்சள் கருவி அவர் வாங்கவே இல்லை; வாங்கியிருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டார். செல்லப்பாண்டிக்கு நினைவு இருந்தது, முழுசாக இருந்தது. நசுங்கிய முன்பக்கத்துக்கு அடியில் அவனுடைய இடது கால் மாட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை ரத்தம் ஓடாமல் கிடந்த கால். மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முன்னாடியே கொண்டுவந்திருந்தால் என்று ஒரு டாக்டர் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல முடியாதும்மா, அப்பவும் போயிருக்கலாம் என்று முடித்தார்.

வந்தவர்கள் எல்லாம் மழையைத் திட்டினார்கள், மேகத்தைத் திட்டினார்கள். பெட்டி இல்லையென்றால் இரண்டு பிணம்தான் வந்திருக்கும், கண்மணி சாமர்த்தியக்காரி என்றார்கள்.

வலி கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில் செல்லப்பாண்டி அவளைக் கிட்டத்தில் கூப்பிட்டான். தொண்டை இன்னும் கம்மியிருந்தது.

"நான் கத்திக்கிட்டேதான் கெடந்தேன் கண்மணி. பெட்டியும் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, அந்த வெளக்கு சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டேதான் உசுரப் புடிச்சுக் கெடந்தேன். அம்புட்டு நேரமும் ஒருத்தருக்குமா கேக்கல?"

மழை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். கண்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டி கூப்பிட்டது பெங்களூர் வரைக்கும் கேட்டுருச்சுங்க. அங்கேருந்து என்னையத்தான் கூப்பிட்டாங்க. நான் போன் ஒயரப் புடுங்கிப் போட்டுட்டு, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

"இடி இடிச்சுச்சோ?"

"இடிச்சுச்சு."

"அப்ப நானா இருந்தாலும் புடுங்கித்தான் போட்டிருப்பேன்" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து, தூக்கக் கலக்கத்தில் முகத்தைச் சுளித்தான். "எடது கால் பெருவெரலு அரிக்குதுடி. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

கண்மணி போர்வையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அது தட்டையாகக் கிடந்தது. அவள் எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்து, விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையை மெல்லச் சொறிந்துவிட்டாள்.